மார்க் போடாத குவிஸ் என்ன செஞ்சுது: கொலம்பியா மிடில் ஸ்கூல் கேஸ்

அமெரிக்கால இல்லினாய்ஸ் மாநிலத்துல கொலம்பியான்னு ஒரு சின்ன ஊர் இருக்கு. மிசிசிப்பி ஆத்தைத் தாண்டுனா செயின்ட் லூயிஸ், அங்க இருக்கற வாஷிங்டன் யுனிவர்சிட்டில ஞாபகசக்தி பத்தியே வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்ணிட்டு இருந்த ஒரு டீம், ஹென்றி ரோடிகர், மார்க் மெக்டேனியல், கேத்லீன் மெக்டெர்மாட், அவங்களோட ரிசர்ச் அசிஸ்டென்டா இருந்த பூஜா அகர்வால். இவங்க 2006ல கொலம்பியா மிடில் ஸ்கூல்ல ஆறாம் கிளாஸ் சோஷியல் பீரியட்ல ஒரு பரிசோதனை ஆரம்பிச்சாங்க, டீச்சர் பாட்ரிஸ் பெயின். சைக்காலஜி ஆராய்ச்சியால ஒரு சாதா ஸ்கூலுக்கு என்னய்யா பிரயோஜனம்னு யாராவது கேட்டா நான் எடுத்துக் காட்டறது இந்தக் கேஸ்தான். ரிசல்ட் பிரமாதம்ங்கறதுக்காக இல்ல, இதைவிட பெரிய ரிசல்ட் சொல்ற எஜுகேஷன் ஸ்டடி எவ்வளவோ கிடக்கு, ஆனா இதுல எப்படி செக் பண்ணாங்கங்கறதுதான் பாக்க வேண்டியது, அதை முழுசா சொல்லாம வெறும் "குவிஸ் வச்சா நல்லது"ன்னு சொல்லி முடிக்கறதால பாதி விஷயம் காணாமப் போயிடுது.

முதல்ல லேப்ல என்ன நடந்துச்சுன்னு பாத்துடலாம், ஏன்னா ஸ்கூலுக்கு வர்றதுக்கான தைரியம் அங்கருந்துதான் வந்துச்சு. அதே 2006ல ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கியும் ஒரு ஸ்டடி வெளியிட்டாங்க. காலேஜ் பசங்களுக்கு சின்னச் சின்ன பாராக்கள் குடுத்தாங்க, ஒண்ணு சூரியனைப் பத்தி, இன்னொண்ணு கடல் நீர்நாயைப் பத்தி. ஒரு பாராவை ரெண்டு தடவை படிக்க விட்டாங்க. இன்னொரு பாராவை ஒரு தடவை படிக்க விட்டுட்டு, அடுத்து வெறும் பேப்பர் குடுத்து ஞாபகம் இருக்கறதை எழுதுன்னு சொன்னாங்க, எழுதுனது சரியா தப்பான்னுகூட யாரும் சொல்லல. அஞ்சு நிமிஷம் கழிச்சு டெஸ்ட் வச்சா ரெண்டு தடவை படிச்சதுதான் ஜெயிச்சுது, 81 சதவீதம், எழுதிப் பாத்தது 75. சரி அவ்ளோதானேன்னு தோணும். ஆனா ரெண்டு நாள் கழிச்சு வச்ச டெஸ்ட்ல படிச்சது 54க்கு விழுந்துடுச்சு, எழுதிப் பாத்தது 68ல நின்னுச்சு, ஒரு வாரம் கழிச்சு 42 எதிர் 56.

அடுத்த பரிசோதனை இன்னும் சுவாரசியம். ஒரு குரூப்பு நாலு ரவுண்டும் படிக்க மட்டும் செஞ்சுது, இன்னொரு குரூப்பு ஒரு ரவுண்டு படிச்சுட்டு மூணு ரவுண்டு எழுதிப் பாத்துச்சு. முதல் குரூப்பு மொத்தத்துல சராசரியா 14.2 தடவை அந்தப் பாராவை வாசிச்சிருந்தாங்க, ரெண்டாவது குரூப்பு வெறும் 3.4 தடவை. ஒரு வாரம் கழிச்சு 14 தடவை வாசிச்சவங்களுக்கு 40 சதவீதம் ஞாபகம் இருந்துச்சு, மூணு தடவை வாசிச்சவங்களுக்கு 61. இதுல என்னன்னா, படிச்சு முடிச்ச உடனே "ஒரு வாரம் கழிச்சு உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கும்"னு கேட்டப்போ அந்த 14 தடவை வாசிச்ச கோஷ்டிதான் ரொம்ப நம்பிக்கையா இருந்துச்சு. திரும்பத் திரும்ப வாசிக்கும்போது வரிகள் பழக்கமாயிடுது, கண்ணு வழுக்கிட்டுப் போகுது, அதையே "எனக்குத் தெரியும்"னு மூளை எடுத்துக்குது. கஷ்டப்பட்டு வெறும் பேப்பர்ல எழுதுனவனுக்கோ தனக்கு என்ன தெரியாதுன்னு பளிச்சுனு தெரிஞ்சுபோச்சு.

இது ஒண்ணும் 2006ல திடீர்னு கண்டுபிடிச்ச சமாச்சாரம் இல்லங்க. 1917லயே ஆர்தர் கேட்ஸ் ஸ்கூல் பசங்களை வச்சு, வாசிக்கறதைவிட மூடி வச்சுட்டு சொல்லிப் பாக்கறது நல்லா நிக்குதுன்னு காட்டிட்டாரு. 1939ல ஹெர்பர்ட் ஸ்பிட்சர் அயோவா மாநிலத்துல 3,605 ஆறாம் கிளாஸ் பசங்களை வச்சு பெரிய ஸ்டடியே பண்ணாரு, ஒரு சின்னக் கட்டுரையைப் படிக்க வச்சு, வேற வேற நாள் இடைவெளில டெஸ்ட் குடுத்து, ரெண்டு மாசம் கழிச்சு கடைசி டெஸ்ட். ஒரு தடவை டெஸ்ட் எழுதுன பையனுக்கு மறதி கிட்டத்தட்ட அந்த இடத்துலயே நிக்குது, டெஸ்ட்டை எவ்வளவு தள்ளிப் போடறோமோ அவ்வளவு கொட்டிப் போயிடுது. அதுக்கப்புறம் என்ன நடந்துச்சு? ஒண்ணும் நடக்கல. ஜர்னல்ல இருந்துச்சு, டீச்சர் ட்ரெயினிங்ல இல்ல. 2009ல கார்பிக்கி டீம் 177 காலேஜ் பசங்ககிட்ட நீங்க எப்படிப் படிப்பீங்கன்னு கேட்டப்போ 84 சதவீதம் பேரு நோட்ஸையோ புக்கையோ திரும்ப வாசிப்பேன்னாங்க, தன்னைத்தானே கேள்வி கேட்டுப் பாப்பேன்னு சொன்னது வெறும் 11 சதவீதம். எழுபது வருஷமா ஒரு நல்ல விஷயம் அலமாரில தூங்கிட்டு இருந்திருக்கு. எனக்கு இதுல கோவம் ஆராய்ச்சியாளர்கள் மேலதான் ஜாஸ்தி, டீச்சர்கள் மேல இல்ல, எந்த டீச்சர் சாயங்காலம் வீட்டுக்குப் போய் ஜர்னல் புரட்டப் போறாங்க.

சரி, ஸ்கூலுக்கு வருவோம். ஸ்கூல் தரப்புல சம்மதிச்சதே ஒரு கண்டிஷன்லதான்: பாடத்திட்டம், டெக்ஸ்ட்புக், டீச்சர் நடத்தற விதம், யூனிட் எக்ஸாம், எதுலயும் கை வைக்கக் கூடாது. நடுவுல சின்ன குவிஸ் சேர்த்துக்கலாம், அவ்ளோதான். இது ஆராய்ச்சிக்கு இடைஞ்சல் மாதிரி தெரியும், ஆனா உண்மைல இதுதான் அதோட பலம். எஜுகேஷன்ல பாதி ஸ்டடில புது புக், புது ட்ரெயினிங், புது டீச்சர், டேப்லெட்னு நாலஞ்சை ஒண்ணா மாத்திட்டு கடைசில மார்க் ஏறிடுச்சுன்னு ரிப்போர்ட் எழுதுவாங்க, எது வேலை செஞ்சுதுன்னு ஆண்டவனுக்கே தெரியாது. இங்க மாறுனது ஒண்ணே ஒண்ணு. பாடம் எகிப்து, மெசபடோமியா, இந்தியா, சீனான்னு பழைய நாகரிகங்கள், ஒண்ணரை வருஷம் ஓடுச்சு.

டிசைன் இப்படி. டீச்சர் நடத்தற விஷயங்கள்ல சுமார் மூணுல ஒரு பங்குக்கு மட்டும் குவிஸ் கேள்விகள் தயார் பண்ணாங்க. அதே பசங்க, அதே டீச்சர், அதே சேப்டர், ஆனா சில ஃபேக்ட் குவிஸ்ல வரும், சில ஃபேக்ட் வராது. அதாவது ஒரு கிளாஸுக்கு குவிஸ் வச்சு இன்னொரு கிளாஸுக்கு வைக்காம கம்பேர் பண்ணல, ஒவ்வொரு பையனையும் அவனோடயே கம்பேர் பண்ணாங்க. இதனால "அந்த செக்‌ஷன் பசங்க இயல்பாவே நல்லா படிக்கறவங்க"ன்னு யாரும் சொல்ல முடியாது. "ஆராய்ச்சிக்காரங்க வந்து பாக்கறாங்கன்னு பசங்க உஷாராயிட்டாங்க"ன்னும் சொல்ல முடியாது, உஷாரானா ரெண்டு விதமான ஃபேக்ட்டுக்கும் சேர்த்துத்தானே உஷாராகணும். எந்த ஃபேக்ட் குவிஸ்ல வரும்ங்கறதும் செக்‌ஷனுக்கு செக்‌ஷன் மாத்தி வச்சிருந்தாங்க, ஈஸியான ஃபேக்ட் எல்லாம் ஒரு பக்கம் போய் சேர்ந்துடக் கூடாதுன்னு.

எனக்கு இதுல ரொம்ப பிடிச்சது, குவிஸ் நடக்கும்போது டீச்சர் வெளிய போயிடுவாங்க. ஆமா, கிளாஸை விட்டே. எது கேக்கப்பட்டுச்சுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சா, அடுத்த நாள் நடத்தும்போது தன்னையறியாம அந்த இடத்துல குரலை ஏத்தி, போர்டுல ஒரு கோடு போட்டு, நாலு தடவை சொல்லிடுவாங்க, எந்த டீச்சரா இருந்தாலும் அது நடக்கும், அது கெட்ட எண்ணமும் கிடையாது. அப்புறம் மார்க் ஏறுனது குவிஸாலயா டீச்சர் அழுத்திச் சொன்னதாலயான்னு பிரிக்கவே முடியாது. அதனால அவங்க வெளிய போவாங்க, அகர்வால் ஸ்கிரீன்ல கேள்வியைப் போடுவாங்க, நாலு சாய்ஸ், பசங்க கைல கிளிக்கர், அதாவது விடையை அழுத்தறதுக்கான சின்ன ரிமோட், எல்லாரும் அழுத்துனதும் சரியான விடை ஸ்கிரீன்ல வரும், அடுத்த கேள்வி. சில நிமிஷத்துல முடிஞ்சுடும்.

ஒரு விஷயத்தை மூணு தடவை கேட்டாங்க. பாடம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு, வீட்ல வாசிச்சுட்டு வரச் சொன்னதுலருந்து. பாடம் முடிஞ்ச உடனே ஒண்ணு. யூனிட் எக்ஸாமுக்கு ஒரு நாள் முன்னாடி ரிவ்யூ குவிஸ் ஒண்ணு. எதுக்கும் கிரேடு இல்ல, ரெக்கார்டுல ஏறாது, பேரன்ட்ஸ் கையெழுத்து கிடையாது.

அப்புறம் இன்னொரு பொறி வச்சாங்க. யாராவது வந்து "குவிஸ்ல அந்த ஃபேக்ட்டை கூட மூணு தடவை பாத்தாங்க இல்ல, அதனாலதான் ஞாபகம் இருக்கு"ன்னு சொன்னா? நியாயமான கேள்வி. அதுக்காக இன்னும் கொஞ்சம் ஃபேக்ட்டை எடுத்து கேள்வியா கேக்காம, குவிஸ் நடுவுலயே வெறும் வாக்கியமா ஸ்கிரீன்ல போட்டு வாசிக்க மட்டும் விட்டாங்க. அதே ஸ்கிரீன், அதே நாள், ஆனா மூளைலருந்து எதையும் வெளிய எடுக்க வேண்டியதில்ல.

ரிசல்ட்: ஸ்கூலோட வழக்கமான யூனிட் எக்ஸாம்ல, குவிஸ்ல வந்த விஷயங்கள்ல பசங்க ஒரு முழு கிரேடு அதிகமா வாங்குனாங்க. வாக்கியமா திரும்ப வாசிச்ச விஷயங்கள்? எதுவுமே பண்ணாம விட்ட விஷயங்களைவிட ஒரு துளி கூட மேல இல்ல. இந்த ரெண்டாவது வரிதான் எனக்கு முக்கியம். எக்ஸாமுக்கு முன்னாடி "எல்லாரும் முக்கியமான பாயின்ட்ஸ் ஒரு தடவை பாத்துக்கோங்க"ன்னு பவர்பாயின்ட் ஓட்டற ரிவிஷன் கிளாஸ் உலகம் பூரா நடக்குதே, அந்த வேலையைத்தான் இவங்க ஒரு மூலைல வச்சு அளந்து பாத்திருக்காங்க, அதுக்கு கிடைச்ச பலன் கிட்டத்தட்ட பூஜ்யம்.

2007ல அதே ஸ்கூல்ல எட்டாம் கிளாஸ் சயின்ஸுக்கு இதை எடுத்துட்டுப் போனாங்க, மரபணு, பரிணாமம், உடற்கூறு மாதிரி பாடங்கள். குவிஸ்ல வராததுக்கு சராசரி 79 சதவீதம், அவங்க கணக்குல சி பிளஸ், வந்ததுக்கு 92, ஏ மைனஸ். செமஸ்டர் கடைசி, வருஷக் கடைசி எக்ஸாம் வரைக்கும் வித்தியாசம் நின்னுச்சு. இங்க இன்னொண்ணையும் பிரிச்சுப் பாத்தாங்க, மூணு குவிஸ்ல எது நிஜமாவே வேலை செய்யுது? பாடத்துக்கு முன்னாடி வைக்கறதா, முடிஞ்ச உடனேயா, எக்ஸாமுக்கு முன்னாடி ரிவ்யூவா? ரிவ்யூ குவிஸ்தான் பெரிய பங்கு, மத்த ரெண்டையும் சேர்த்தா அதுக்கு மேல கொஞ்சூண்டுதான் கூடுச்சு. டைம் இல்லாத டீச்சருக்கு இதைவிட உபயோகமான தகவல் கிடையாது, பாடம் நடத்தி கொஞ்ச நாள் விட்டு, பாதி மறந்த நேரத்துல கேளு, மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்.

ஏன் இப்படி ஆகுதுன்னா, ராபர்ட் பியோர்க்னு ஒரு சைக்காலஜிஸ்ட் 1994லருந்து சொல்லிட்டு வர்ற கருத்து ஒண்ணு இருக்கு, படிக்கும்போது கொஞ்சம் திணறலா இருக்கறது நல்லதுக்குத்தான், அந்த நேரத்துல ஸ்லோவா தெரியும், தப்பு வரும், ஆனா நீண்ட நாளைக்கு நிக்கும். ஞாபகத்துலருந்து ஒரு விஷயத்தைத் தேடி எடுக்கறதே அதுக்குப் போற வழியை அழுத்தமாக்குது, வயக்காட்டுல ஆள் நடக்க நடக்க ஒத்தையடிப் பாதை விழற மாதிரி. மறுபடி வாசிக்கும்போது அந்தத் தேடலே நடக்கறதில்ல, விடை கண்ணு முன்னாடியே இருக்கு. கூடவே உடனடியா சரியான விடை காட்டறதும் முக்கியம், அது இல்லாம மல்டிபிள் சாய்ஸ் வச்சா பையன் தப்பான சாய்ஸையே ஞாபகம் வச்சுக்கற அபாயம் இருக்கு. நம்ம ஆளுங்க குவிஸ் வச்சு பேப்பரைத் திருத்தி பத்து நாள் கழிச்சுக் குடுக்கறாங்களே, அப்போ அந்தப் பையனுக்கு கேள்வியே மறந்து போயிருக்கும், அவன் பாக்கறது மார்க்கை மட்டும்தான்.

டெஸ்ட்னாலே பசங்க பயப்படுவாங்களே, இன்னும் டெஸ்ட்டா, பாவம்னு கேக்கறவங்க உண்டு. 2014ல அகர்வால் டீம் வெளியிட்ட ஒரு சர்வேல, இப்படி கிளாஸ்ல அடிக்கடி குவிஸ் பழகுன மிடில் ஸ்கூல், ஹைஸ்கூல் பசங்க 1,408 பேர்கிட்ட கேட்டாங்க. 92 சதவீதம் பேரு இது படிக்க உதவுச்சுன்னாங்க, 72 சதவீதம் பேரு எக்ஸாம் பதட்டம் குறைஞ்சுதுன்னாங்க. இது பசங்க தானா சொன்ன பதில்தான், நாடித்துடிப்பு அளந்து பாத்ததில்ல, அதை மனசுல வச்சுக்கணும். ஆனாலும் நமக்கு இது நேரடியாப் படுது, ஏன்னா தமிழ்நாட்டுல டென்த், பிளஸ் டூ பசங்களுக்கு டெஸ்ட்டுக்குப் பஞ்சமே இல்ல, காலைல ஸ்லிப் டெஸ்ட், சாயங்காலம் ஸ்லிப் டெஸ்ட், வாரக் கடைசில யூனிட் டெஸ்ட், ரிவிஷன் ஒண்ணு ரெண்டு மூணு. "அப்போ நாங்க ஏற்கனவே இதைத்தான் பண்றோம், அமெரிக்காக்காரன் இப்பதான் கண்டுபிடிக்கறான்"னு ஒரு டீச்சர் பெருமையா சொல்லிக் கேட்டிருக்கேன். பாதி சரி. தேடி எடுக்கற வேலை நம்ம ஸ்லிப் டெஸ்ட்லயும் நடக்குது, அதனாலதான் அந்த ஸ்கூல்கள்ல ரிசல்ட் வருது. ஆனா மார்க் ரெஜிஸ்டர்ல ஏறுது, தப்பா எழுதுனா பத்து தடவை இம்போசிஷன், பாதி ஸ்கூல்ல எல்லார் முன்னாடியும் மார்க் வாசிக்கறது வேற. அந்த இடத்துல தெரியாததை தெரியாதுன்னு காட்ட எந்தப் பையன் துணிவான், பக்கத்து பெஞ்சைப் பாத்து எழுதிட்டுப் போயிடுவான். கொலம்பியால தப்பா அழுத்துனா நஷ்டம் எதுவும் இல்ல, யார் தப்பா அழுத்துனாங்கன்னு பக்கத்துல இருக்கறவனுக்குக்கூட தெரியாது. மார்க்கை எடுத்துட்டா பசங்க சீரியஸா எழுத மாட்டாங்கன்னு பயம் இருக்கும், ஆனா அங்க மார்க்கே இல்லாமத்தான் ஒரு முழு கிரேடு ஏறியிருக்கு.

இப்போ குறைகள். பெரிய குறை, குவிஸ்ல கேட்டதும் எக்ஸாம்ல கேட்டதும் பெரும்பாலும் அதே கேள்விகள்தான். அப்போ பசங்க புரிஞ்சுகிட்டாங்களா, இல்ல அந்தக் கேள்விக்கு அந்த விடைன்னு பிடிச்சுகிட்டாங்களா? பின்னாடி வந்த சயின்ஸ் ஸ்டடில கேள்வியை மாத்திக் கேட்டும் பலன் இருந்துச்சுன்னு மெக்டேனியல் டீம் 2013ல காட்டுனாங்க. ஸ்டீவன் பேனும் திமோதி ரிக்கர்டும் 2018ல பல ஸ்டடிகளை ஒண்ணா சேர்த்துப் பாத்தப்போ, வேற மாதிரி கேள்விக்கும் பலன் போய்ச் சேருது, ஆனா எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி இல்லன்னு வந்துச்சு. அடி சரியா விழுந்தது 2019ல, அதுவும் அகர்வால் கைலயே. மொதல்ல ஃபேக்ட்டை நல்லா ஏத்திடு, அப்புறம் யோசிக்கறது தானா வரும்னு நிறைய பேரு நம்பறாங்க இல்ல, அதை காலேஜ் பசங்ககிட்டயும் ஆறாம் கிளாஸ் பசங்ககிட்டயும் சோதிச்சாங்க. ஃபேக்ட் கேள்வி மட்டும் கேட்டுப் பழகுன பசங்க ஃபேக்ட் டெஸ்ட்ல நல்லா பண்ணாங்க, அலசி ஆராய்ஞ்சு எழுதற கேள்வில முன்னேற்றம் இல்ல. அந்த மாதிரிக் கேள்வில ஏறணும்னா அந்த மாதிரிக் கேள்வியைத்தான் கேட்டுப் பழக்கணும், ரெண்டும் கலந்து கேட்டாலும் நல்லாவே வந்துச்சு. எகிப்து எந்த நதிக் கரைலன்னு ஆயிரம் தடவை கேட்டாலும், நைல் வெள்ளம் வராத வருஷத்துல அரசனுக்கு என்ன சிக்கல் வந்திருக்கும்ங்கற கேள்விக்கு அது உதவாது.

புக் பேக் ஒன் வேர்டை உருப்போட்டு நூத்துக்கு நூறு வாங்கிட்டு, கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டா முழிக்கற பையனுக்கு இந்த 2019 ஸ்டடிதான் விளக்கம்னு நான் நினைக்கறேன். பையன் மக்கு இல்ல, அவன்கிட்ட கேட்டது அவ்வளவுதான்.

மத்தபடி இது ஒரு சின்ன ஊர் அமெரிக்க ஸ்கூல்ல வந்த அதிர்ஷ்டம்னு ஒதுக்க முடியாது. 2021ல சுன்லியாங் யாங் டீம் கிளாஸ்ரூம்ல நடந்த 222 ஸ்டடிகள், 48,478 ஸ்டூடண்ட்ஸ் டேட்டாவை ஒண்ணா போட்டுப் பாத்ததுல நடுத்தரமான, உறுதியான பலன் தெரிஞ்சுது. அமெரிக்க கல்வித்துறையோட ஆராய்ச்சி நிறுவனம் 2007லயே டீச்சர்களுக்கான கைடுல குவிஸையும், பாடத்தை இடைவெளி விட்டுத் திரும்பக் கொண்டு வர்றதையும் சேர்த்துடுச்சு. 2013ல ஜான் டன்லாஸ்கி டீம் பத்து படிக்கற முறைகளை வரிசைப்படுத்துனப்போ இந்த ரெண்டுக்கு மட்டும்தான் உயர்ந்த ரேட்டிங் குடுத்தாங்க, ஹைலைட்டர் அடிக்கறதும் திரும்ப வாசிக்கறதும் அடில கிடந்துச்சு. ஹைலைட்டர் கம்பெனிக்காரங்க மன்னிக்கணும்.

கிளிக்கருக்கு காசு எங்க போறதுன்னு கவலைப்பட வேண்டாம். நதானியல் லாஸ்ரி 2008ல ஃபிசிக்ஸ் கிளாஸ்ல கிளிக்கரையும் சாதாரண அட்டையையும் வச்சு கம்பேர் பண்ணாரு, படிப்புல வித்தியாசம் ஒண்ணும் இல்ல. ஏ பி சி டி எழுதுன நாலு அட்டை போதும், எல்லாரும் ஒரே நேரத்துல தூக்கணும், பக்கத்துல பாத்துத் தூக்கற பழக்கத்தை மட்டும் கவனிச்சுக்கணும். உண்மையான செலவு வேற இடத்துல இருக்கு. கொலம்பியால கேள்விகளை உக்காந்து தயார் பண்ணது ஆராய்ச்சி டீம், டீச்சர் இல்ல. நாப்பது பசங்க, நாலு செக்‌ஷன், நடுவுல எலெக்‌ஷன் டூட்டி, சென்சஸ், எமிஸ் டேட்டா என்ட்ரின்னு ஓடற ஒரு டீச்சர்கிட்ட போய், வாரத்துக்கு இருபது நல்ல கேள்வி, அதுல பாதி யோசிக்க வைக்கறதா எழுதுங்கன்னு சொன்னா அவங்க புக் பேக்கைத்தான் திறப்பாங்க. பாடத்துக்குப் பாடம் அந்த மாதிரி கேள்வி வங்கியை ஒரு தடவை உருப்படியா தயார் பண்ணி, ஸ்கூல் ஸ்கூலா குடுத்து, கூடவே இதுக்கு மார்க் போடக் கூடாதுன்னு சர்க்குலர்ல கறாரா எழுதி அனுப்பற வேலையை மேல இருக்கறவங்கதான் பண்ணணும்.